வீட்டுக்கு வந்த ஒற்றையடிப் பாதை

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மூங்கில்பள்ளத்திலிருந்து வட்டப்பாறைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளில் வந்த பெயின்ட் கடை தெய்வநாயகம், ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முழங்கால் வரை அப்பியிருந்த சேற்றைக் கழுவிக் குளித்து, இட்லி சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினார். மறுநாள் காலையில் அவருடைய மனைவி அமிர்தவல்லி பால் வாங்க எழுந்து வந்தபோது அந்தப் பாதை கூடத்தில் கிடந்தது.

பின்பக்கச் சுவர் வழியாக உள்ளே வந்து, அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே நெளிந்து, மொசைக் தரைமேல் ஒரு வளைவு வளைந்து, சோபாவை ஒட்டிப் போய் வாசற்படி இறங்கியிருந்தது. அதன் நுனி, வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளின் பின் டயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பாதம் வைக்கிற அகலம்தான். நடந்து நடந்து நடுவில் குழிந்து, இரண்டு ஓரமும் புல் முளைத்து, அங்கங்கே வேர் துருத்திக்கொண்டு, மலையில் எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடந்தது. அதன்மேல் சாயமர இலைகள் உதிர்ந்திருந்தன. எந்தக் காலத்திலோ எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரன் தன் ஊர் நினைப்பில் நட்டுவிட்டுப் போன மரங்கள் அவை. ஐப்பசி பிறந்தால் காடு முழுக்கப் பச்சையாக நிற்கும்போது அவை மட்டும் குங்குமமும் மஞ்சளுமாக மாறி இலையைக் கொட்டிவிடும். மூங்கில்பள்ளத்துக்காரர்கள் அதற்குச் சாயமரம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"ஏங்க, எந்திரிங்க. நீங்க வந்த வழி உங்க கூடவே வந்துருச்சு."

"சேறா இருக்கும். தண்ணிய ஊத்திக் கழுவு."

அமிர்தவல்லி ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாள். பாதை அதைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் கறுத்தது. அவள் விளக்குமாற்றோடு யோசித்து நிற்கும்போதே, பின்பக்கச் சுவருக்குள்ளிருந்து தலையில் இஞ்சி மூட்டையோடு ஒரு ஆள் வந்தான். கூடத்தைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இது யாரு வீடும்மா?"

"பெயின்ட் கடைக்காரர் வீடு."

"அப்ப சந்தை பக்கம்தான். நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு, கால்மிதியை மிதிக்காமல் தாண்டி, வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டான்.

வட்டப்பாறை இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் நாள் கூட்டமாக வந்து பார்த்தது, இரண்டாம் நாள் பாதை தங்கள் வீட்டுக்கு வரவில்லையே என்று வருத்தப்பட்டது, மூன்றாம் நாள் அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யத் தொடங்கியது. ஊராட்சித் தலைவர் வந்து, பாதை காட்டுக்குச் சொந்தம், கூடம் பட்டாவுக்குச் சொந்தம், ஆகையால் தான் எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார். வனக்காவலர் ஒருவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுவர் வழியாக வருகிறவர்களின் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். மத்தியானத்தில் அமிர்தவல்லியின் ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே கண் அசந்தார். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த சேவியர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தான், ஆட்டோக்கள் வரிசை கட்டின, மினி பஸ் நடத்துநர் "பெயின்ட் கடைப் பாதை இறங்கு" என்று கூவத் தொடங்கினார், காலையில் ஆடுகள் தொலைக்காட்சிக்கும் சோபாவுக்கும் நடுவே மணி அடித்துக்கொண்டு போயின, சாயங்காலத்தில் சந்தையிலிருந்து திரும்புகிற பெண்கள் தொடர் முடிகிற வரை கூடையை இறக்காமலே நின்று பார்த்துவிட்டு, தொடரில் வருகிற மாமியாரைத் திட்டிவிட்டு, சுவருக்குள் போனார்கள். கூரையிலிருந்து சாயமர இலைகள் சாவகாசமாகச் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டே இருந்தன. அமிர்தவல்லி மின்விசிறி போடுவதை நிறுத்தினாள். கூட்டி அள்ளிய இலையைத் தெருக்காரர்கள் ரோஜாத் தொட்டிக்கு உரமாக வாங்கிப் போனார்கள்.

மூங்கில்பள்ளத்துக்காரர்களுக்கோ ஆச்சரியமே இல்லை. "பாதைன்னா போகத்தான செய்யும். இத்தனை வருசமா ஒரே எடத்துல படுத்துக் கெடந்துச்சு பாருங்க, அதான் அதிசயம்," என்றாள் ஒருத்தி. சக்கரம் சுருட்டிக்கொண்டு வந்ததில் பாதையின் நீளம் வேறு குறைந்திருந்தது. முன்பெல்லாம் கருக்கலில் கிளம்பினால் வெயில் ஏறின பிறகுதான் வட்டப்பாறை. இப்போது உலையில் அரிசியைப் போட்டுவிட்டுச் சந்தைக்கு வந்து, உப்பு வாங்கிக்கொண்டு, பொங்கி வழிவதற்குள் திரும்பிப் போய் மூடியைத் தள்ளி வைக்கலாம். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் ஓடவே தேவையில்லை. ஆகவே எல்லோரும் தெய்வநாயகத்தைக் கும்பிட்டார்கள். "சார் புண்ணியவான்," என்றார்கள். அவர் சோபாவில் உட்கார்ந்து பேப்பரைப் படித்தபடி, "இருக்கட்டும், இருக்கட்டும்," என்று சொன்னார். அந்தப் பேப்பரை அவர் முகத்துக்கு மிகவும் கிட்டத்தில் பிடித்திருந்தார் என்பதை அமிர்தவல்லி மட்டும் கவனித்தாள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பாதையின் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். எதிரும் புதிருமாக, அல்லது முன்னும் பின்னுமாக வருகிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. ஒருவர் புல்லில் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். தாண்டிப் போகிறவர் நின்று, திரும்பி, "ஏறிக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் ஒதுங்கினவர் பாதையில் காலை வைப்பார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சொல்லாமல் போனதில்லை. ஆட்டுக்கு ஒதுங்கினால்கூட ஆட்டுக்குப் பின்னால் வருகிறவர் ஆட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். பாதை கூடத்துக்கு வந்த பிறகு அமிர்தவல்லியும் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டாள். அவள் அடுப்படிக்குப் போகும்போது கூடைக்காரப் பெண்கள் மொசைக்கில் இறங்கி நிற்பார்கள். அவள் தாண்டிவிட்டுத் திரும்பி, "ஏறிக்கங்க," என்பாள். நாள் முழுவதும் அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் தெய்வநாயகம் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

இரண்டாம் வாரத்தில் மூக்கன் வந்தான். கையில் கூடை இல்லை, தலையில் மூட்டை இல்லை. கூடத்து வளைவில் நின்றுகொண்டு கேட்டான்.

"என் சம்சாரம் இந்தப் பக்கமாத் தாண்டுச்சுங்களாம்மா? குருவம்மான்னு பேரு. பட்டர் ஃப்ரூட் கூடை வச்சிருக்கும்."

அமிர்தவல்லி விளக்குமாற்றை வைத்துவிட்டு வந்தாள். "நம்ம பட்டர் ஃப்ரூட்டு அம்மாவா? வருசம் பூரா எனக்குத்தான குடுக்கும் மொதப் பழம்! ஏன், எங்க போச்சு?"

மூக்கன் சொன்னான். அவர்கள் மகள் பவுனு நிறைமாதமாக வட்டப்பாறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். கூட இருக்கக் குருவம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைதான், குழந்தைக்கென்று துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கிய பழைய சேலைத் துணியைக் கூடையின் அடியில் வைத்து, மேலே பழத்தை அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். மருமகன் கூட இருப்பதால் மூக்கன் காப்பிப் பழம் எடுத்துவிட்டு மறுவாரம் வருவதாகப் பேச்சு. வந்து பார்த்தால் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குருவம்மா போய்ச் சேரவே இல்லை.

"அம்மா எங்க, அம்மா எங்கன்னுதான் புள்ள கேக்குது. அம்மா வராம ஆஸ்பத்திரிய விட்டு வரமாட்டேங்குது. வலி வந்தப்பவும் அதையேதான் கேட்டுச்சாம். பேத்திக்கு இன்னும் பேரு வக்கல. அவ வந்துதான் வக்கணும்."

தெய்வநாயகம் பேப்பரை இறக்கவில்லை. பேப்பரில் எழுத்துகள் இருந்தன, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்தான் கடைசியாக வந்துகொண்டிருந்தார். சர்க்கரை ஏறிப்போயிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதில் ஐம்பது தாண்டிச் சைக்கிள் வாங்கி, ஊரின் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரர்களோடு சேர்ந்துகொண்டவர் அவர். மற்றவர்கள் எல்லாம் இளவட்டங்கள். ஏற்றத்தில் அவரைப் பின்னால் விட்டுவிட்டு மேலே போய்க் காத்திருந்து, அவர் மூச்சிரைக்க வந்து சேரும்போது "வாங்க அங்கிள், மெதுவா, மெதுவா," என்று கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் அவருக்கு அடியைப் போல இருக்கும். இறக்கத்தில்தான் அவருக்கு விடுதலை. அன்றைக்கு அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாதை முழுக்கச் சாயமர இலை. மழை பெய்து வெறித்த பின் அடித்த வெயில், கண்ணுக்கு முன்னால் மஞ்சளும் சிவப்புமாகக் குகை போலத் திறந்துகொண்டே போன காடு, சக்கரத்துக்கு அடியில் இலைகள் கிழிகிற சத்தம், வேரில் ஏறிக் குதித்து இறங்கும்போது வயிறு மேலெழும்புகிற சுகம். பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டார். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவர் எதிலும் போனதில்லை. அந்தச் சமயத்தில்தான் வளைவில் ஒரு முதுகு தெரிந்தது. ஒரு பெண்ணின் முதுகு, தலையில் கூடை.

அவர் மணியை அடிக்கவில்லை. கத்தினார். அவள் துள்ளிப் புல்லில் இறங்கினாள். பின் சக்கரம் வழுக்கி மண்ணைக் கோடு கிழித்தது, விழவில்லை, தாண்டிவிட்டார். நின்று திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நின்றால் அந்த வேகம் போய்விடும். யாரும் பார்க்கவில்லை. அவர் நிற்கவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. யாரையும் இடிக்கவில்லை, யாருக்கும் ரத்தம் வரவில்லை. இதைத்தான் அவர் தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூக்கன் அதற்குப் பிறகு தினமும் வந்தான். அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதைக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பொறுமையாக விளக்கினான். பாதை கிளம்பினபோது பாதைமேல் இருந்தவர்கள் எல்லாம் பாதையோடு வந்துவிட்டார்கள். ஒதுங்கி நின்றவள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். ஊர்க்காரர்கள் பாதையை விட்டு இறங்கித் தேடினார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காடுதான் இருந்தது, அவள் இல்லை. அவள் யாருக்கு ஒதுங்கினாளோ அந்த ஆள் சொன்னால்தான் அவளுக்குக் கேட்கும்.

"யாரோ சொல்லாமப் போயிட்டாங்கம்மா. வேணும்னு பண்ணிருக்க மாட்டாங்க. மறந்துருப்பாங்க. ஞாபகம் வந்தா வந்துருவாங்க," என்றான் மூக்கன். அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான். தரையில் உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துக் காம்பைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

சைக்கிள்கார இளவட்டங்களை அழைத்து ஊர் விசாரித்தது. "நாங்க சொன்னோம், சத்தியமா. அந்த அக்கா சிரிச்சிட்டே ஏறுனாங்க," என்றார்கள். பிறகு எல்லோரும் தெய்வநாயகத்தைப் பார்த்தார்கள், சந்தேகப்பட்டு அல்ல, வரிசையில் அடுத்தது அவர் என்பதால்.

"நானும் சொன்னேன்," என்றார்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களின் வேலையாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு செய்தது. வழக்கம் தெரியாதவர்கள். சேவியர் வெளியூர்க்காரர்களைப் பற்றி டீ ஆற்றிக்கொண்டே வெகு நேரம் பேசினான்.

கார்த்திகை பிறந்ததும் வியாபாரிகள் சங்கம் தெய்வநாயகத்துக்குப் பாராட்டு விழா வைத்தது. சந்தைத் திடலில் ஷாமியானா, ஒலிபெருக்கி, அவர் ஹெல்மெட்டோடு சிரிக்கிற ஃபிளெக்ஸ். மலைக்கும் நாட்டுக்கும் வழி சுருக்கியவர் என்று தலைவர் பேசினார். பொன்னாடை போடுகிற நேரத்தில், மூங்கில்பள்ளத்துக்காரர் ஒருவர் கையால் போட்டால்தான் பொருத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்ல, கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த மூக்கனைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவன் பொன்னாடையைப் பிரித்தான். எப்படிப் போடுவது என்று தெரியாமல், குளிருகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல அவருடைய இரண்டு தோளையும் மூடி, முன்னால் இழுத்துச் சேர்த்துவிட்டான். அவன் கையில் காப்பிப் பழக் கறை இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று தெய்வநாயகம் எழுந்தார். ஒலிபெருக்கி முன்னால் நின்றார். வாயைத் திறந்தபோது, தினமும் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் சர்க்கரை கட்டுப்படும் என்று தான் பேசுவது அவருக்கே கேட்டது. முழங்கால் வலிக்கும் நல்லது என்றார். கை தட்டினார்கள். மூக்கனும் தட்டினான்.

வீட்டுக்கு வந்து பொன்னாடையைச் சோபாவில் போட்டார். அமிர்தவல்லி அதை மடிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நெசமா நீங்க சொன்னீங்களா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளும் மறுபடி கேட்கவில்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பழுத்த இலை கூரையிலிருந்து இறங்கிப் பொன்னாடைமேல் உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் மூக்கன் வந்து வழக்கம்போல வளைவில் நின்றான். வாயைத் திறப்பதற்கு முன்னால் தெய்வநாயகம் எழுந்தார்.

"மூக்கா, அது நான்தான். நான்தான் சொல்லாம வந்துட்டேன்."

வனக்காவலர் நாற்காலியில் நிமிர்ந்தார். இரண்டு கூடைக்காரப் பெண்கள் அப்படியே நின்றார்கள். மூக்கன் மட்டும் மெதுவாகப் பாதைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்; நெடுந்தூரம் நடந்தவன் உட்காருவது போல இருந்தது.

"ஒதுங்கச் சொன்னப்ப என்ன சொன்னீங்க சார்?"

"ஒண்ணும் சொல்லாமத்தான் வந்துட்டேன், மூக்கா."

"அது அப்புறம். முன்னாடி. ஒதுங்கறதுக்கு என்ன சொன்னீங்க? எந்த வார்த்தைக்கு எறங்குனாளோ அந்த வார்த்தைலதான் நின்னுட்டிருப்பா. தெரிஞ்சாத்தான் கூப்பிட முடியும்."

தெய்வநாயகம் மனைவியைப் பார்த்தார். கூடைக்காரப் பெண்களைப் பார்த்தார். கடைக்கு வருகிற எவரையும், பெயின்ட் அடிக்கிற பையனைக்கூட, வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஊரில் அதற்குப் பேர் வாங்கினவர்.

"'ஏய்'னு சொன்னேன்."

கூடைக்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள்.

"'ஏய், ஒதுங்குடீ'ன்னு சொன்னேன்."

அமிர்தவல்லி அடுப்படிக்குள் போனாள். ஒரு பாத்திரம் நகர்கிற சத்தம்கூட அங்கிருந்து வரவில்லை. மூக்கன் வழக்கம்போலக் கையில் எடுத்து வைத்திருந்த இலையைக் கீழே வைத்தான்.

"அவளுக்குப் பேரு இருக்கு சார்," என்றான். குரல் ஏறவில்லை. "குருவம்மா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

தெய்வநாயகம் செருப்பைப் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தன் வீட்டுச் சுவருக்குள் நுழைந்தார். பாதையின் நுனி பின் டயரை விடாமல் அதோடு மடங்கி வந்தது. ஏறி மிதிக்க அவருக்குக் கால் வரவில்லை. காடு அன்றைக்கு இருந்ததைப் போலவே இருந்தது. இலைகள் இன்னும் முழுதாகக் கொட்டித் தீரவில்லை. மஞ்சளும் சிவப்புமாக வெயிலை வடிகட்டி அனுப்பிக்கொண்டிருந்தன. வேகமாக வந்தபோது பார்க்காதவற்றை எல்லாம் பார்த்தார். பாறை இடுக்கில் யாரோ கால் கழுவக் குழாய் போலச் செருகி வைத்திருந்த மூங்கில். சுமை இறக்க ஆளுயரத்தில் நிறுத்தியிருந்த கல். வழுக்குகிற இடத்தில் குறுக்கே பதித்திருந்த படிக்கட்டைகள். அன்றைக்கு வேர் என்று நினைத்து அவர் ஏறிக் குதித்து மகிழ்ந்தது இந்தக் கட்டைகள்மேல்தான். இந்தக் காடு எனக்காக யாருமில்லாமல் கிடந்தது என்று நினைத்துக்கொண்டு இத்தனை பேருடைய வாசல் வழியாக இவ்வளவு வேகமாக வந்திருக்கிறேனே என்று நினைத்தபோது தனியாக இருந்தும் முகம் சுட்டது.

வளைவில் அவருடைய டயர் கிழித்த கோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் புல்லும் பெரணிச் செடியும். யாரும் இல்லை.

"ஏறிக்கங்க," என்றார். "குருவம்மா, ஏறிக்கங்க."

இலை உதிர்ந்தது. மறுபடி சொன்னார். கைகூப்பிக்கொண்டு சொன்னார். பாதைமேல் நின்றுகொண்டே எத்தனை தரம் சொன்னாலும் நடக்காது என்பது வெகு நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. அவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இறங்கினால் தனக்கு "ஏறிக்கங்க" சொல்ல யார் இருக்கிறார்கள் என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தை இத்தனை நாள் இன்னொருத்தி அனுபவித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியதும், சைக்கிளைப் பாதையில் சாய்த்துவிட்டு, பெரணியைத் தள்ளிப் புல்லில் இறங்கினார்.

அவள் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் பாறையிலும் ஒரு கால் சரிவிலுமாக, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, துள்ளி இறங்கின மூச்சு இன்னும் அடங்காமல். கூடையில் பழம் பறித்த பச்சை மாறாமல் இருந்தது.

"குருவம்மா," என்றார்.

"எதுக்கு சார் அம்மாம் பெரிய சத்தம்? காது கேக்கும் எங்களுக்கு." அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "அட, பெயின்ட் கடையம்மா வீட்டுக்காரரு! நீங்களா அப்படிக் கத்துனது?" பிறகு பாதையை மேலே ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். "பின்னாடி இன்னும் யாரும் வராங்களா, இல்ல நீங்கதான் கடைசியா?"

"நான்தாம்மா கடைசி," என்றார் தெய்வநாயகம். "ஏறிக்கங்க."

அவள் பாதையில் ஏறினாள். கூடையைச் சரி செய்துகொண்டு இரண்டு எட்டு வைத்தவள், பழக்கத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏறிக்கங்க சார்," என்றாள். வழியில் எவருக்கும் சொல்வது போல, ஆட்டுக்குச் சொல்வது போல. அவ்வளவு சுலபமாக அது வந்தது. அவரால் உடனே காலைத் தூக்க முடியவில்லை.

அவள் முன்னால் நடக்க, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடக்க, டயரில் ஒட்டியிருந்த பாதை கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டுத் தன் பழைய இடத்தில் படுத்துக்கொண்டே வந்தது. வீட்டுக் கூடத்தில் அது கொடியில் காய்ந்த சேலையை உருவுவது போலச் சுவருக்குள் உருவிக்கொண்டு போனதாக அமிர்தவல்லி பிறகு சொன்னாள். வனக்காவலர் மொசைக் தரையில் நாற்காலியோடு மிச்சமானார். மூக்கன் எழுந்து பாலத்தடிக்கு ஓடினான். அந்தப் பாதை பழைய நாளில் வந்து முடிகிற இடம் அதுதான்.

"என்னய்யா, எனக்கு முன்னாடி எப்படி வந்து நிக்குற?" என்று குருவம்மா சிரித்தாள்.

"புள்ள பொறந்துருச்சு, குருவம்மா. பொட்டப்புள்ள."

"எப்ப?"

"போன மாசம்."

அவள் சிரித்த முகம் அப்படியே இருந்தது, சிரிப்பு மட்டும் போய்விட்டது. கூடையை இறக்கினாள். பழங்களை ஒதுக்கி, அடியிலிருந்த சேலைத் துணியை எடுத்துப் பார்த்தாள். மூக்கன் தாழ்ந்த குரலில் என்னென்னவோ சொன்னான். பவுனு வலியில் அவளைக் கூப்பிட்டதைச் சொன்னபோது அவள் துணியை மார்போடு சேர்த்துக்கொண்டு, திரும்பித் தெய்வநாயகத்தைப் பார்த்தாள். அவர் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் நடக்கத் தொடங்கினாள்.

ஊர் கோபித்துக்கொண்டது. பாதையைக் கொண்டுவந்ததற்கு அல்ல, திருப்பிக் கொண்டுபோய் விட்டதற்கு. இருந்த வழியைக் கெடுத்துவிட்டார் என்றது வியாபாரிகள் சங்கம். சேவியர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்கே போனான், போகும்போது தெய்வநாயகத்தின் காது கேட்கவே முனகினான். ஃபிளெக்ஸை யாரோ கிழித்து மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டார்கள். மூங்கில்பள்ளத்துப் பெண்கள் மறுபடி கருக்கலில் கிளம்பினார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடி வந்தார்கள். அதற்கும் அவர்தான் காரணம் என்பதை நினைக்கும்போது, தான் எதைச் செய்தது சரி, எதைச் செய்தது தவறு என்பதே அவருக்குக் குழம்பிப்போகும்.

அமிர்தவல்லி இப்போதும் அடுப்படிக்குப் போகும்போது வெறும் கூடத்தில் நின்று திரும்பி, "ஏறிக்கங்க," என்கிறாள். அவர் கூடத்தில் இருக்கும்போது மட்டும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெய்வநாயகம் அந்தப் பாதைக்குப் போகிறார். சைக்கிளில் ஏறுவதில்லை, தள்ளிக்கொண்டு போகிறார். எதிரே யார் வந்தாலும், பின்னால் யார் வந்தாலும், ஆடு வந்தாலும், புல்லில் இறங்கி ஒதுங்கி நிற்கிறார். வெளியூர்ச் சைக்கிள்காரர்கள் சர்சர்ரென்று தாண்டிப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அந்த வார்த்தை தெரியாது. அவர் அங்கேயே நிற்பார். சாயமரம் தளிர்த்து, முற்றி, மறுபடி சிவந்து அவர் தலைமேல் கொட்டியிருக்கிறது. சில சமயம் மத்தியானம் வரை நிற்பார், சில சமயம் வெயில் சாயும்வரை. சந்தைக்குப் போய்த் திரும்புகிற மூங்கில்பள்ளத்துக்காரர் யாராவது வந்து, என்ன சார் இன்னைக்கும் மாட்டிக்கிட்டீங்களா என்று சிரித்து, போனவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம்தான் அவர் ஏறுவார்.

சில நாள் குருவம்மா வருவாள், இடுப்பில் பேத்தியோடு. அவளும் சொல்லாமல் போனதில்லை. ஆனால் மற்றவர்களைப் போல இரண்டு எட்டில் சொல்வதில்லை. அவரைத் தாண்டி, நடந்து, வளைவு வரை போய், வளைவில் திரும்பி மறைந்து, இலைகளுக்குள் அவள் காலடிச் சத்தமும் கேட்காமல் போன பிறகு, அந்தப் பக்கத்திலிருந்துதான் அவள் குரல் வரும். அது வரும் வரை, ஒரு கால் பாறையிலும் ஒரு கால் சரிவிலுமாக, அவர் நிற்பார்.